பெற்றோரே படம் வெளியிட்டால் குழந்தைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

இந்தியாவில் பெற்றோர் இணையத்தில் வெளியிடும் படத்தைத் தடுப்பதற்கென்று குழந்தைக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கின்றன. ஆனால் அவை குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளையும் வழக்குகளோடு தொடர்புடைய குழந்தைகளையும் கருதி எழுதப்பட்டவை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. அதே சட்டம், தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைப் பயன்படுத்துவதற்கு விலக்கு அளிப்பதோடு, குழந்தையின் தரவை அழிக்கக் கோரும் உரிமையையும் பெற்றோர் கையிலேயே கொடுத்திருக்கிறது. படத்தை வெளியிட்டவரே அதை நீக்கக் கேட்கும் உரிமைக்கும் சொந்தக்காரராக இருக்கும்போது, அந்தப் படத்தால் பள்ளியில் கூனிக்குறுகி நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று அளித்த தீர்ப்பில், குழந்தைகளின் அந்தரங்கத்துக்குச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டும் என்று நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தனியே எழுதியிருந்தும் நிலைமை இதுதான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பிரான்சு இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டது. 2024 பிப்ரவரி 19 நாளிட்ட சட்டம், குழந்தையின் அந்தரங்கத்தைக் காப்பதைப் பெற்றோரின் கடமைகளுள் ஒன்றாக உரிமையியல் சட்டத்தொகுப்பில் சேர்த்தது. பிள்ளையின் உருவப்பட உரிமையைத் தாயும் தந்தையும் சேர்ந்தே காக்க வேண்டும். பிள்ளையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதையும் இதில் ஈடுபடுத்த வேண்டும். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால், மற்றவரின் சம்மதமின்றி எதையும் வெளியிடக் கூடாது என்று ஒருவருக்குக் குடும்ப நீதிபதி தடை விதிக்கலாம். வெளியீடு பிள்ளையின் கண்ணியத்தைக் கடுமையாகப் பாதித்தால், அதன் உருவப்பட உரிமையைக் கையாளும் பொறுப்பைப் பெற்றோரிடமிருந்து வேறொருவரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே 2020 அக்டோபரில் வந்த சட்டம். காணொளித் தளங்களில் தோன்றும் 16 வயதுக்குட்பட்டோரின் வருமானத்தைப் பாதுகாப்பதற்காக வந்த அது, தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையைப் பெற்றோரின் சம்மதமின்றியே பிள்ளை பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. நம் சட்டத்தில் திருத்தம் செய்வதானால் முதலில் இந்த ஒரு விதியைத்தான் சேர்க்க வேண்டும் என்பேன். நீதிமன்றப் படியேறப் பெரியவர் ஒருவரின் துணை வேண்டும், தளத்துக்குக் கோரிக்கை அனுப்பப் பிள்ளைக்கு அது தேவையில்லை.