கேளுங்கள், சொல்கிறோம்: அந்த ஒரு பாட்டு

கேள்வி: பிரிட்டிஷ் பாடகி அடேல் பாடிய 'சம்ஒன் லைக் யூ' கேட்டால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. இத்தனைக்கும் எனக்குக் காதல் தோல்வி எதுவும் கிடையாது. இது என்ன வியாதி?

பதில்: வியாதியெல்லாம் இல்லை, காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பழைய காதலனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே அவன் வாசலில் போய் நிற்கிறாள் ஒருத்தி. நீ நல்லா இரு, உன்னை மாதிரியே ஒருத்தனை நான் தேடிக்கொள்கிறேன் என்கிறாள், அவ்வளவுதான் கதை. உன்னை மாதிரியே வேண்டும் என்பவள் எங்கே மறந்தாள்? வாய் வாழ்த்துகிறது, குரல் வாழ்த்தவில்லை.

ஒரு தடவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். சரணம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தாழ்ந்த குரல், பல்லவி வந்ததும் சட்டென்று மேலே ஏறி முழு மூச்சில் பாடுகிறார். அங்கே 'யூ' என்று நீட்டுகிறார் பாருங்கள், அந்த நீட்டலின் கடைசியில், பியானோ அடுத்த கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் அடுத்த சுரக்கூட்டுக்கு, மாறுவதற்குச் சற்று முன்னால், குரல் லேசாக நழுவி அப்புறம்தான் வந்து உட்காரும். இப்படிப் பக்கத்துச் சுரத்தில் உரசிவிட்டு இறங்குவதை மேற்கத்திய இசையில் அப்போஜியாட்டுரா என்பார்கள். ஜான் ஸ்லோபோடா என்ற பிரிட்டிஷ் உளவியல் அறிஞர், எந்த இடத்தில் உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது என்று ரசிகர்களிடம் கேட்டு, அந்த இடங்களை இசைக்குறிப்பில் தேடிப் பார்த்து 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணீர் வரவழைத்த இடங்களில் இந்த உரசல்தான் அதிகம். ஆனால் அதை மட்டும் வைத்து யார் பாடினாலும் அழுகை வந்துவிடாது என்பது என் கட்சி.

கேள்வி: டிரம்ஸ் இல்லை, கிடார் இல்லை, வெறும் பியானோ. காசு இல்லாமலா இப்படி எடுத்தார்கள்?

பதில்: இல்லை சார். டான் வில்சன் என்ற அமெரிக்கப் பாடலாசிரியரும் அடேலும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து இரண்டே நாளில் எழுதிப் பதிவு செய்தது இது. டெமோவாக, அதாவது மாதிரிப் பதிவாக எடுத்ததுதான், பியானோ வாசித்தவரும் வில்சன்தான். மேலே எதையும் பூசாமல் '21' ஆல்பத்தில் அப்படியே சேர்த்துவிட்டார்கள். அதே ஆல்பத்தின் முதல் பாட்டு டிரம்ஸ் அடித்து நொறுக்கும், ஆகவே ஆள் கிடைக்காமல் இல்லை. பிப்ரவரி 2011இல் லண்டன் ஓ2 அரங்கில் நடந்த பிரிட் இசை விருது விழாவிலும் பக்கத்தில் ஒரு பியானோ மட்டும்தான். பாடி முடித்ததும் அவரே கண் கலங்கிவிட்டார். அடுத்த வாரம் பிரிட்டிஷ் பாடல் விற்பனைப் பட்டியலில் 47ஆம் இடத்திலிருந்து நேராக முதலிடம்! செப்டம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம்.

கேள்வி: காதல் முறிந்து உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கு இதை அனுப்பலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பாட்டைக் கேட்டுவிட்டு அவரும் கூப்பிடாமலே அந்தப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றால், நீங்களா போய்க் கூட்டி வருவீர்கள்?