வாசகர் கேள்விகள்: காசு மோசடியும் பொலிஸ் பயிற்சியும்

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவர் மாதம் எட்டு வீத வட்டி தருவதாகச் சொல்லிப் பல குடும்பங்களிடம் பணம் வாங்கிவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். முறையிடச் சென்ற எங்களை, ‘இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, சிவில் வழக்குப் போடுங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். இத்தகைய குற்றங்களை விசாரிக்கப் பொலிஸாருக்குப் பயிற்சியளிக்க அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். மருந்துக்கே பணம் போதாத நாட்டில் அது தேவைதானா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தேவைதான் அம்மா. உங்களைத் திருப்பி அனுப்பிய அந்த ஒரு வாக்கியமே அதற்குச் சான்று. பணம் வாங்கியபோதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, நேர்மையாக வாங்கியவர் பின்னர் நொடித்துப் போனாரா என்பதில்தான், தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதலும் வெறும் கடனும் பிரிகின்றன. அந்த எண்ணத்தை வாக்குமூலத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. முதலில் சேர்ந்தவருக்கு வட்டியென்று கொடுக்கப்பட்டது பின்னால் சேர்ந்தவரின் முதல்தானா என்பதை, நீதவானின் கட்டளையுடன் வங்கிப் பதிவுகளைப் பெற்று, திகதி வாரியாக அடுக்கிப் பார்க்கத் தெரிந்தவரே சொல்ல முடியும். களவையும் வெட்டுக்குத்தையும் விசாரித்தே பழகிய ஓர் அதிகாரிக்கு இது கைவராதபோது, அவரைவிட அவருக்குக் கற்றுக்கொடுக்காத அமைப்பின் மீதே எனக்குக் கோபம் வருகிறது.

சட்டங்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. குற்றத்தில் வந்த பணத்தை நேர்வழியில் வந்ததுபோல் காட்டும் பணம் தூயதாக்கலுக்கு எதிரான சட்டம் 2006இல் வந்தது. 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். நிதிக் குற்றங்களுக்கெனத் தனிப் பொலிஸ் பிரிவு 2015இல் உருவானது. ஆனால் அவையெல்லாம் கொழும்பில் இருக்கின்றன, உங்கள் முறைப்பாடோ களுவாஞ்சிகுடியில் தொடங்குகிறது. அங்கே முதல் வாரத்தில் பதியப்படாத சான்று பின்னர் கிடைப்பது அரிது. பணமும் அதற்குள் பல கணக்குகள் மாறிவிடும். அமெரிக்காவில் மத்திய அரசின் மானியத்தைப் பெறும் தேசிய வெள்ளைக்கொலர்க் குற்ற (மோசடி போன்ற, வன்முறையில்லாத பணக் குற்றங்கள்) நிலையம் மாநில, உள்ளூர்ப் பொலிஸாருக்கே பயிற்சியளிக்கிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஆகவே ஒதுக்கும் பணம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் முறைப்பாட்டு மேசை வரை வர வேண்டும் என்பதே என் கருத்து. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கிழக்கின் நிர்வாக மொழி தமிழும் ஆகையால், கணக்கியல் சொற்களைத் தமிழில் விளங்கி எழுதக்கூடியவர்கள் அந்தப் பயிற்சியைப் பெற வேண்டும். பெற்றவர்களை உடனே வேறிடத்துக்கு மாற்றினால் செலவழித்த பணம் வீண்.

கேள்வி: முறையிடப் போகும்போது எதைக் கொண்டு போக வேண்டும்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வைப்புச் சிட்டை, வங்கிக் கூற்று, கையெழுத்திட்ட துண்டு, வாட்ஸ்அப் குரற்பதிவு ஆகிய எதையும் அழிக்காமல், தொலைபேசியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பணம் கொடுத்த திகதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஆளிடம் ஏமாந்தவர்கள் சேர்ந்து போனால், அது தனிப்பட்ட கடன் தகராறு என்று ஒதுக்கப்படுவது கடினம்.