நரம்பு உளவியல் படிக்க வந்து புள்ளியியலில் மாட்டிக்கொண்ட தம்பிக்கு

வணக்கம் தம்பி.

பிரிட்டனுக்கு வந்து உளவியல் பட்டப்படிப்பில் முதல் பருவம் முடியப் போகிறது. மூளையைப் பற்றிப் படிக்க வந்த இடத்தில் வாரந்தோறும் புள்ளியியலைப் போட்டு வாட்டுகிறார்கள். ஆங்கிலக் கட்டுரைகளில் மதிப்பெண் ஏறவில்லை. நரம்பு உளவியலாளர் ஆகும் ஆசை நடக்கக்கூடியதுதானா அக்கா என்று கேட்டிருந்தீர்கள். நானும் இங்கே வந்து இதே படிப்பைப் படித்தவள். இப்போது மூளைக் காயமும் பக்கவாதமும் வந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவொன்றில் வேலை செய்கிறேன். கடைசிக் கேள்விக்கான விடை சற்றுக் கசப்பானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்', 'ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட்' போன்ற குறிப்பிட்ட சில பெயர்களைப் போட்டுக்கொள்ளத்தான் எச்.சி.பி.சி. என்ற பதிவு அமைப்பில் பெயர் இருக்க வேண்டும். 2009 முதல் இதுவே சட்டம். மருத்துவ உளவியலாளராக, அதாவது 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' ஆகப் பதிவு பெற மூன்றாண்டு முனைவர் பயிற்சி தேவை. அதற்கு விண்ணப்பிக்க, பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரித்த பட்டம் இருக்க வேண்டும். பட்டம் மட்டும் இருந்தாலும் போதாது. உதவி உளவியலாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ சில காலம் வேலை பார்த்தவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். அந்த உதவி வேலைகளுக்கே கடும் போட்டி. முனைவர் பயிற்சி முடிந்து பதிவு பெற்ற பிறகுதான் நரம்பு உளவியலுக்கான தனிப் பயிற்சி தொடங்கும். அதற்கு மேலும் இரண்டாண்டாவது ஆகும். எல்லாவற்றையும் கூட்டினால் இன்று முதல் ஏறக்குறைய பத்தாண்டு.

இதில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. இங்கிலாந்தில் அந்த முனைவர் பயிற்சியின் செலவை அரசின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஏற்கிறது, பயிற்சி பெறுபவருக்குச் சம்பளமும் கிடைக்கிறது. ஆனால் அந்த இடங்கள் உள்நாட்டுக் கட்டணத் தகுதி உடையவர்களுக்கானவை. மாணவர் விசாவில் இருப்பவர்களைச் சொந்தச் செலவில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் மிகச் சிலவே. ஆகவே உங்கள் கணக்கில் படிப்பு ஒரு பக்கம், இங்கே தங்கும் உரிமைத் தகுதி இன்னொரு பக்கம் என்று இரண்டு வரிசைகள் ஓட வேண்டும். பலர் முதல் வரிசையை மட்டும் பார்க்கிறார்கள்.

பட்டம் முடிந்ததும் 'நியூரோசைக்காலஜி' என்ற பெயரில் ஓராண்டு எம்.எஸ்சி. படிப்புகளின் விளம்பரங்கள் கண்ணில் படும். நல்ல படிப்புகள்தான், ஆய்வுக்குப் போக உதவும், விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நோயாளியை மதிப்பிட்டு அறிக்கையில் கையெழுத்திட முடியாது. விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். அமெரிக்காவுக்குப் போனாலும் இதே கதைதான்: 1997-ல் ஹூஸ்டன் மாநாட்டில் வகுத்த வழிமுறைப்படி முனைவர் பட்டம், ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதற்குப் பின் இரண்டாண்டு முதுமுனைவர் பயிற்சி. எந்த நாட்டில் தொழில் செய்ய நினைக்கிறீர்களோ அந்த நாட்டுப் பதிவு விதியை முதலில் படித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

கசப்பு அவ்வளவுதான். இனிப் புள்ளியியலுக்கு வருகிறேன்.

புள்ளியியல் உங்களை மூளையிடமிருந்து விலக்கி வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள். நான் அன்றாடம் செய்யும் வேலையே அதுதான். ஒருவர் வருகிறார், நினைவாற்றல் தேர்வில் 80 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தேர்வுகளில் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்ற அளவு) 15 என்று அமைத்திருப்பார்கள். அப்படியானால் எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் 80-க்கும் கீழே எடுப்பார்கள். இவர் அந்த ஒன்பது பேரில் ஒருவரா, அல்லது போன வருடம் வரை 120 எடுக்கக்கூடியவராக இருந்து சரிந்துவிட்டவரா? எண் ஒன்றே, ஒருவருக்கு அது பிறவி இயல்பு, இன்னொருவருக்கு நோயின் முதல் தடயம். எண்ணைப் பார்த்தவுடன் 'யாரோடு ஒப்பிட்டு?' என்று கேட்கத் தெரிந்தவர்தான் நரம்பு உளவியலாளர். மென்பொருளில் பட்டனை அழுத்தி விடை வாங்குவதல்ல, இந்தக் கேள்விதான் உங்களுக்கு இப்போது கற்பிக்கப்படுகிறது. பாடம் எடுப்பவர்கள் அதைச் சொல்லாமலே எடுப்பதுதான் குறை.

இன்னும் ஒரு கணக்கு. ஒரே அமர்வில் ஒருவருக்கு இருபது தேர்வுகள் வைக்கிறீர்கள். கீழ்மட்ட ஐந்து சதவீதத்தில் விழுந்தால் 'குறைபாடு' என்று எழுதப் போகிறீர்கள். தேர்வுகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று வைத்துக்கொண்டால், முழு ஆரோக்கியமான மனிதர் ஒன்றிலாவது கீழே விழுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். இது தெரியாதவர் கையில் தேர்வுப் பெட்டியைக் கொடுத்தால் ஊரில் பாதிப் பேருக்கு மூளை நோய் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். மூளை ஸ்கேன் ஆய்வுகளுக்கும் இதே ஆபத்து உண்டு. 2009-ல் கிரெய்க் பென்னட்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் 'காட்டி', அவர்களின் உணர்ச்சி என்ன என்று 'கேட்டார்கள்'. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிப்பதற்கான திருத்தத்தைச் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையில் செயல்பாடு தெரிந்தது. திருத்தியதும் மறைந்தது. 2012-ல் அதற்கு, சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பன்மை ஒப்பீட்டுத் திருத்தம் என்று தலைப்பு வந்தால் அந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளை எப்போது வரும் என்றும் கேட்டிருந்தீர்கள். வழக்கமாக இரண்டாம் ஆண்டில் பெரிதாக வரும். அதற்குள் புகழ்பெற்ற நோயாளிகளின் கதைகளை நீங்களே படித்துவிடுவீர்கள், எல்லோரும் படிக்கிறார்கள். ஆனால் அவற்றைக் கதையாகப் படிக்காமல் வாதமாகப் படியுங்கள். எச்.எம். என்று அறியப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு 1953-ல் வலிப்பைக் கட்டுப்படுத்த மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கையும் அதை ஒட்டிய திசுக்களையும் நீக்கினார்கள். அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனால் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையும் பயிற்சியைக் கொடுத்தபோது, முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாத நிலையிலும் நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. நினைவு என்பது ஒரே சரக்கு அல்ல என்பதற்கு அது சான்று. இதற்கு நேர் எதிரான நிலை, நிகழ்ச்சிகள் நினைவில் நிற்க, திறன் பழகுவது மட்டும் கெட்டுப்போன நோயாளிகள், ஹண்டிங்டன் நோய் உள்ளவர்களிடையே பின்னர் கிடைத்தார்கள். அந்த எதிர்ப்பக்கம் இல்லாவிட்டால், 'நட்சத்திரம் வரைவது சுலபமான வேலை, அதனால் தப்பியது' என்று ஒருவர் வாதாடியிருக்கலாம். நரம்பு உளவியலின் தர்க்கம் இந்த இரட்டைச் சான்றில்தான் நிற்கிறது. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்; மருத்துவமனையில் இது இல்லாமல் ஒரு பத்தி கூட எழுத முடியாது.

(மனநோய்ப் பாடம் வரும்போது எல்லா நோயும் உங்களுக்கே இருப்பதாகத் தோன்றும். வகுப்பில் அத்தனை பேருக்கும் அப்படித்தான் இருக்கும். போய்விடும்.)

ஆங்கிலக் கட்டுரை விஷயத்தில் உங்கள் சிக்கல் ஆங்கிலம் அல்ல என்பது என் கணிப்பு. உங்கள் கேள்வியே நன்றாக எழுதப்பட்டிருந்தது. பெரிய பெயருள்ள ஆய்வாளர் ஒருவரின் முடிவை எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மதிப்பெண் அதற்கு அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது: எத்தனை பேரை வைத்துச் செய்தார், வேறு விளக்கம் சாத்தியமா, மறுபடி செய்தபோது வந்ததா? 2015-ல் வெளிவந்த கூட்டு ஆய்வொன்றில் உளவியல் இதழ்களிலிருந்து எடுத்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல் வகையில் உறுதியான முடிவைக் காட்டியிருந்தன. மறுபரிசோதனையில் அப்படி வந்தவை 36 சதவீதம். பேராசிரியரை மறுத்து எழுதுவது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தத் துறையில் மறுக்காமல் இருப்பதுதான் சோம்பல்.

இதிலிருந்தே மொழிக்கும் வந்துவிடலாம். பாடத்தின் ஒரு பகுதியாக உங்களை ஆய்வுகளில் பங்கேற்கச் சொல்லியிருப்பார்கள், மூத்த மாணவர் யாராவது கணினி முன் உட்கார வைத்து பட்டனை அழுத்தச் சொல்லியிருப்பார். உளவியலின் பெரும்பகுதி இப்படித்தான் விளைந்தது. ஜெஃப்ரி ஆர்னெட் 2008-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி இதழ்களை ஆராய்ந்து, ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறக்குறைய 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்மய நாட்டவர் என்று காட்டினார். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு சுமார் 12 சதவீதம். 'யாரோடு ஒப்பிட்டு?' என்று மறுபடி கேளுங்கள்.

நான் அடிக்கடி மோதிக்கொள்ளும் இடம் இது. நோய்க்கு முன் ஒருவர் எந்த நிலையில் இருந்தார் என்று ஊகிக்க, ஆங்கிலத்தில் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் பொருந்தாத சொற்களை வாசிக்கச் சொல்லும் ஒரு வழி உண்டு. ஹேசல் நெல்சன் 1982-ல் வெளியிட்ட தேர்வில் அப்படி 50 சொற்கள். மறதி நோயின் தொடக்கத்தில் பல திறன்கள் சரிந்தாலும் இந்த வாசிப்பு ஓரளவு நிலைத்து நிற்கும் என்பதால் அதைப் பழைய திறனுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தை வளர்ந்த பிறகு கற்ற ஒருவருக்கு இது எதையும் சொல்லாது. சரி, தமிழில் ஒன்று செய்துவிடலாம் என்றால், எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் தமிழில் எந்தச் சொல்லையும் வாசித்துவிடுவார். அந்தத் தந்திரமே நம் மொழியில் எடுபடாது. பாஸ்டன் பெயரிடல் தேர்வில் 60 கோட்டோவியங்கள். அவற்றில் இக்ளூ என்ற பனிக்கட்டி வீடும், பீவர் என்ற விலங்கும், பிரெட்சல் என்ற முறுக்கு ரொட்டியும் உண்டு. இவற்றைச் சொல்லத் தெரியாதது மூளைக் கோளாறா, பார்த்ததே இல்லை என்பதா? எண்களை வரிசையாகத் திரும்பச் சொல்லும் எளிய தேர்வு கூட மொழியைச் சார்ந்தது: வெல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல நேரம் அதிகம் ஆவதால், இருமொழியாளர்கள் வெல்ஷில் குறைவான எண்களையே நினைவில் வைத்தார்கள் என்று எல்லிஸ், ஹென்னெலி இருவரும் 1980-ல் காட்டினார்கள்.

வார்டில் தமிழ் முதியவர் ஒருவர் வந்தால் யாராவது உங்களை அழைத்து, ஆங்கிலத் தேர்வை வாய்மொழியாகத் தமிழாக்கிக் கேட்கச் சொல்வார்கள். கேள்வியைத் தமிழாக்கலாம், ஒப்பீட்டு அளவைத் தமிழாக்க முடியாது. மொழிபெயர்த்துச் செய்ததை அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும், மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அவர் எதை எப்படிச் செய்தார் என்பதைப் பேச வேண்டும். இந்தியர்களை வைத்தே அளவு எடுத்த தொகுப்புகளும் இருக்கின்றன. பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004-ல் வெளியிட்டது அவற்றில் முக்கியமானது. இங்கே பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவராக நீங்கள் இருக்கலாம்.

இருமொழி ஒரு பாரம் என்று யாராவது சொன்னால், சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படியுங்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இருமொழியாளர்களுக்கு நோய் தொடங்கியது நான்கரை ஆண்டு தாமதமாக. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. அதை எதிர்த்து வந்த கட்டுரைகளையும் சேர்த்தே படியுங்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டாம், இந்தச் சண்டைக்குள்ளேயே பல தலைப்புகள் கிடக்கின்றன.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை சிலதான். உங்கள் பட்டம் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் அதே பெயரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இரட்டைப் பாடப் பட்டங்களில் சில பாடத் தேர்வுகளைப் பொறுத்து அங்கீகாரம் மாறலாம். அடுத்த ஆண்டு விருப்பப் பாடங்களில் புள்ளியியல் மேல்நிலைப் பாடம் இருந்தால், கூட்டம் எல்லாம் வேறு பக்கம் போனாலும், அதை எடுங்கள். பக்கவாதம் அல்லது மூளைக் காய வார்டில் சுகாதார உதவியாளர் வேலை கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். குளிப்பாட்டுவதும் உணவு ஊட்டுவதும்தான் வேலை. ஆனால் தட்டின் இடப்பக்கத்து உணவை மட்டும் தொடாமல் விடும் நோயாளியை அங்கேதான் நேரில் பார்ப்பீர்கள். ஒரு பக்கம் இருப்பதே கவனத்தில் படாமல் போகும் புறக்கணிப்பு நோய்க்குறி என்ற பாடம் அதன் பிறகு மறக்காது. மாணவர் விசாவில் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், சம்பளமில்லாத வேலையிலும் சில வகைகள் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பல்கலைக்கழக விசா அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்டு சேருங்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் தமிழ் தெரியும் என்பதைக் கடைசி வரியில் 'இதர விவரங்கள்' என்று ஒளித்து வைக்காமல் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.