கழுத்தில் நெறிகட்டி: எதுவரை காத்திருக்கலாம்?

கேள்வி: என் வயது 34. இடது தாடைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு நெறிகட்டி ஆறு வாரங்களாக இருக்கிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனாலும் நாள் முழுவதும் கை தானாக அங்கேயே போகிறது; புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே வருவதில்லை.

பதில்: முதலில் அந்தக் கைக்கு ஓய்வு கொடுங்கள். ஓயாமல் அழுத்திப் பார்த்தால் அந்த இடம் கன்றி வலிக்கும். அந்த வலியே புதுக் கவலையாகிவிடும்.

நெறிகட்டி என்பது கிருமிகளை வடிகட்டும் நிணநீர்க் கணுவின் வீக்கம். தாடைக்குக் கீழுள்ள கணுக்களுக்குப் பல், ஈறு, நாக்கு ஆகியவற்றின் நிணநீர் வந்து சேர்வதால், வலியே காட்டாத ஒரு சொத்தைப் பல்கூட அங்கே வீக்கத்தை உண்டாக்கும். பல் மருத்துவரிடம் வாயைக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியதாக, மெத்தென்று, விரலுக்கு நழுவிக்கொடுக்கும் கணு பெரும்பாலும் தொற்று விட்டுச்சென்ற மிச்சம்தான். கல் போல் இறுகி, அசையாமல் ஒட்டிக்கொண்டு வளர்வதையும், காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் தோன்றுவதையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். இரவில் உடை நனையும் வியர்வை, காரணமின்றி எடை குறைதல், மாறாத குரல் கம்மல், விழுங்குவதில் சிரமம் ஆகியவையும் அப்படியே.

இவற்றில் எதையும் நீங்கள் குறிப்பிடாதது நல்ல செய்தி. ஆயினும் வலி இல்லை என்பதையோ ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதையோ வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது. காசநோய்க் கணுவும் நிணநீர்ப் புற்றும் இப்படி அமைதியாகவே தொடங்கலாம். நான்கு வாரங்களைத் தாண்டிய கட்டியை மேலும் காத்திருந்து பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அவர் தொண்டையைப் பார்த்துவிட்டு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வார். கணு நீள்வட்டமாக, நடுவில் கொழுப்புப் பகுதி கெடாமல் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஐயமிருந்தால் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துச் சோதிப்பார்கள். சில சமயம் கணுவையே அகற்றிச் சோதிக்க வேண்டிவரும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று யாராவது சொன்னால் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். காசநோய் என்றே தெரியவந்தாலும், வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை எடுத்துக்கொண்டால் குணமாகும்.

சோதனை முடிவு வரும்வரை, கட்டியைக் கரைக்கும் என்று சொல்லி யார் கொடுத்தாலும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடாதீர்கள். நிணநீர்ப் புற்றாக இருந்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, சோதனை முடிவையும் குழப்பிவிடும்.