கல்யாணப் பத்திரிகையில் பேக்கிங் வெட்டலாமா?

இன்ஜினின் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க நடுவே வைக்கும் ஷீட்தான் பேக்கிங் (கேஸ்கெட்). பழைய இன்ஜின்களுக்கு அதை வீட்டிலேயே வெட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சில.

தோப்புக் கிணற்றில் 5 எச்.பி. பழைய டீசல் இன்ஜின் இருக்கிறது. கம்பெனி பேக்கிங் இப்போது கிடைப்பதில்லை. எந்த இடத்துக்கு எந்த ஷீட் வெட்டுவது?
— வாசகர், பள்ளத்தூர்

ஷீட் வாங்குவதற்கு முன் பழைய பேக்கிங்கின் கனத்தை அளந்துவிடுங்கள். கிழிந்துபோயிருந்தாலும், போல்ட்டுக்குப் பக்கத்தில் நசுங்கிய துண்டு ஒன்று போதும், வெர்னியர் அளவுகோலில் பார்த்துவிடலாம். சிலிண்டருக்கு அடியில் 0.25 மி.மீ. இருந்த இடத்தில் 0.8 வைத்தால் சிலிண்டரே அரை மி.மீ.க்கு மேல் தூக்கிக்கொள்ளும். கம்ப்ரஷன் குறைந்து, ஹேண்டில் சுற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். கனம் குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். சந்தேகமிருந்தால் பிஸ்டன் மேல் மெல்லிய ஈயக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை முறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் கனம்தான் அங்கே உள்ள இடைவெளி. அதை இன்ஜின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

டீசல் பம்புக்கு அடியில் வரும் தகடும் அப்படித்தான். கனம் கூடினால் டீசல் பீய்ச்சுவது தாமதமாகும். பல் சக்கர ஆயில் பம்பின் மூடியில் கனம் கூடினால் ஆயில் பிரஷர் விழும்.

கிராங்க் கேஸ் பக்க மூடிக்கு 0.4 மி.மீ. ஆயில் பேப்பர் போதும். தகட்டில் அடித்த டாப்பெட் கவர் (ஹெட்டின் மேல் வால்வுகளை மூடும் மூடி) சமமாக இருக்காது; அதற்கு 3 மி.மீ. ரப்பர் கார்க். கார்க் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் பிளந்துவிடும். தண்ணீர் பம்பின் பைப் ஃப்ளாஞ்சுக்குத் (போல்ட் போடும் விளிம்புக்கு) துணி வைத்த இன்சர்ஷன் ரப்பர். சூடான தண்ணீர் வெளியேறும் வாய்க்கு 0.8 மி.மீ. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கம்ப்ரெஸ்டு ஷீட். சைலன்சர் வாயில் பேப்பரோ ரப்பரோ கருகிவிடும்; உள்ளே தகடு வைத்த கிராஃபைட் ஷீட்தான் நிற்கும்.

ஒட்டிக்கிடக்கும் பழைய சாம்பல் நிற பேக்கிங் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ் போடவே கூடாது. தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, ஈரத்தோடு சுரண்டி, பையில் கட்டிவிடுங்கள்.

தினசரி காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகை இதிலெல்லாம் வெட்டுகிறார்களே, சரியா?
— வாசகர், புதுவயல்

காலண்டர் அட்டை ஆயிலை உறிஞ்சி அடுக்கு அடுக்காகப் பிரியும். பத்திரிகையின் வழவழப்பான பூச்சு சூட்டில் இளகி வழுக்கும். நம் பக்கத்துப் பத்திரிகைகளின் கனத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவசரத்துக்குப் பூச்சில்லாத பழுப்புக் காகிதத்தில் கிரீஸ் தடவி, பிரஷர் இல்லாத பக்க மூடிக்கு மட்டும் வைக்கலாம்.

வெட்டும்போது மூடியின் விளிம்பில் லேசாக அழுக்கு ஆயில் தடவி, ஷீட்டில் அழுத்தி அச்சு எடுங்கள். சுத்தியலால் விளிம்பைத் தட்டி வெட்டும் பழக்கம் வார்ப்பிரும்பில் ஓடும். அலுமினியத்தில் விளிம்பே மழுங்கி, பிறகு எந்த பேக்கிங்கும் நிற்காது. முதலில் போல்ட் துளைகளை மரக்கட்டை மேல் வைத்துத் துளை போடும் பஞ்ச் கருவியால் அடியுங்கள். துளை போல்ட்டைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். அதன்பின் உள்பக்கம், கடைசியில் வெளிவிளிம்பு. ஆயில் போகும் சிறு துளையை அடிக்க மறந்தால் பேரிங் சிக்கிக்கொள்ளும். வெட்டியதைப் பொருத்திப் பார்த்து ஒவ்வொரு துளையாக எண்ணுங்கள்.

ஹெட்டில் இருக்கும் செப்பு பேக்கிங்கைத் திரும்பப் போடலாமா?
— வாசகர், தேவகோட்டை

ஒரே தகடாக இருந்தால் போடலாம். இரண்டு செப்புத் தகட்டுக்கு நடுவே நார் வைத்ததாக இருந்தால் கூடாது. அதைச் சூடாக்கவும் வேண்டாம். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போயிருக்கும். நிழலில் வைத்து, முழுத் தகடும் மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பைப்போல் இறுகாது, இளகும். கருப்பு ஏடு உதிர்ந்தபின் மெல்லிய எமரியால் துடைத்து, சமமான பலகையில் வைத்துப் பாருங்கள்.

ஹெட்டின் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் 0.05 மி.மீ. நுழைந்தால் முதலில் லேத்தில் முகத்தைச் சீவிச் சமமாக்க வேண்டும். வளைந்த ஹெட்டைச் செம்பு மன்னிக்காது. தண்ணீர்த் துளைகளைச் சுற்றி மட்டும் மெல்லியதாக சீலன்ட் பூசி, எதிரெதிராக மூன்று தவணையில் முறுக்குங்கள். ஒருமுறை சூடாகி ஆறியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

பழைய காரின் கார்புரேட்டரில் சிலிகான் பூசியும் பெட்ரோல் கசிகிறது.
— வாசகி, காரைக்குடி

பூசியதால்தான் கசிகிறது. சாதாரண சிலிகான் பெட்ரோலில் ஊதிக் கழன்று, பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டையும் அடைக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சும் கரையும். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, பெட்ரோல் தாங்கும் ஃபைபர் ஷீட்டில் பழைய கனத்துக்கே வெட்டிப் பூச்சில்லாமல் போடுங்கள். ஃப்ளாஞ்சின் இரு காதுகளும் அதிக முறுக்கில் வளைந்திருக்கும். கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி விரித்துத் தேய்த்துச் சமமாக்குங்கள். மேனிஃபோல்டுக்கும் (இன்ஜினுக்குள் கலவை போகும் குழாய்க்கும்) கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள தடித்த பேக்கலைட் துண்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மதிய வெயிலில் வண்டியை நிறுத்தியதும் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து, திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும்.