கட்டிலடியில் நீட்டப்படும் கடதாசி

வழக்கமாக இந்தப் பகுதிக்கு வருவது பழுதான பிரிட்ஜ், பில் தராத கடை, தவணைக்கு எடுத்த ட்ரக்டர் பற்றிய கேள்விகள்தான். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் வீதி விபத்து. அறுவடைக் காலத்தில் ஏ9 வீதியில் பின் லைட் இல்லாத ட்ரக்டர் பெட்டிக்குப் பின்னால் இரவில் போனவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் மேசன் வேலை செய்பவன். கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஒழுங்கையிலிருந்து ஏறிய வான் அடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வான் சொந்தக்காரர் வந்து 75,000 ரூபா தருகிறேன், கேஸ் வேண்டாம் என்று எழுதித் தாருங்கள் என்றார். நல்ல மனிசன்தான், பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு வந்தவர். நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன், ஆனால் பட்டி பூட்டவில்லை. அதனால் எனக்குத்தான் பிழை என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கையெழுத்து வைக்காததுதான் நீங்கள் செய்த நல்ல வேலை. அந்தக் கடதாசியில் அனேகமாக ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே ஒப்பம் விழுந்தால், பிறகு பிளேட் கழற்ற இரண்டாவது ஒப்பரேசன் வந்தாலும் கேட்பது மிகவும் கடினம். உங்கள் கால் எப்படி ஆறப்போகிறது என்று வைத்தியருக்கே இப்போது தெரியாது. கால் ஒட்டினாலும் முழங்கால் முழுதாக மடியுமா? குந்தியிருந்து கல்லுக்கட்ட முடியுமா? சாரத்தில் ஏறலாமா? மேசனுக்கு முழங்கால்தான் முதல். அதற்கு விலை சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை.

அதற்காக அவருடைய காசை மறுக்கவும் தேவையில்லை. வீட்டில் அரிசி வாங்க வேண்டும்தானே. ‘மருத்துவச் செலவுக்கான இடைக்காலக் கொடுப்பனவாக இன்ன திகதி இவ்வளவு பெற்றேன்’ என்று மட்டும் எழுதி, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொண்டு வாங்குங்கள். அவர் மனதார உதவ வந்தவரென்றால் இந்த வசனம் அவருக்குச் சுடாது. சுட்டால் எதற்கு வந்தார் என்பது உங்களுக்கே விளங்கும்.

அவர் தன் பொக்கற்றிலிருந்து தர வேண்டியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதனால்தான் இரக்கப்பட்டுக் குறைத்தும் விடுகிறோம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி வீதியில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அந்த மூன்றாம் தரப்பு நீங்கள்தான். வான்காரர் ஒவ்வொரு வருடமும் காசு கட்டி வைத்திருப்பது இப்படியான ஒரு நாளுக்காக.

ஆனால் நேரே காப்புறுதிக் கம்பனிக் கவுண்டருக்குப் போனால் ‘கோட்ஸ் தீர்ப்பைக் கொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பலாம். கோபப்பட வேண்டாம், சட்டத்தின் ஒழுங்கு அப்படி. வழக்கு வைப்பது சாரதிக்கும் சொந்தக்காரருக்கும் எதிராக, மாவட்ட நீதிமன்றத்தில். தீர்ப்பு வந்தால் கம்பனி கட்ட வேண்டும். அதற்கு, வழக்குப் போடுவதற்கு முன்போ போட்டு 7 நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். சட்டத்தரணி இதைச் செய்வார். இருந்தாலும் ‘அறிவித்தல் போய்விட்டதா, பதிவுத் தபால் துண்டு எங்கே’ என்று நீங்களும் ஒரு தடவை கேளுங்கள். முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பிப் பார்ப்பதும் வழக்கம். சில விடயங்கள் அதிலேயே பேசி முடிவதுண்டு. கேட்கும் தொகை சிறிதென்றால் வழக்குக்கு முன்னர் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரும்.

இனி ஹெல்மெட் பட்டி. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. காயப்பட்டவரிலும் பிழை இருந்தால், அந்தப் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும் என்கிறது. குறையும், இல்லாமல் போகாது. அதோடு உங்கள் பிழை அந்தக் காயத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். தலையில் அடிபட்டிருந்தால் பட்டியைப் பற்றிப் பேசலாம். பட்டியை எவ்வளவு இறுக்கிப் பூட்டியிருந்தாலும் கால் முறிந்துதான் இருக்கும்.

இப்போது பத்திரப்படுத்த வேண்டியவை. பொலிஸ் முறைப்பாட்டின் திகதியும் இலக்கமும். வான் இலக்கத்தகட்டின் போட்டோ. சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பார்த்தாரா என்பது. பொலிஸ் கொடுக்கும் படிவத்தில் அவர் எழுதுவதுதான் பிறகு நீதிமன்றத்தில் பேசும். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக் கோவையில் ‘கடுங்காயம்’ என்ற வகைக்குள் வரும், ஆகவே அந்தப் படிவம் இல்லாமல் டிக்கட் வெட்டிக்கொண்டு (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சந்திக் கடைகளில் கமரா இருந்தால் இன்றைக்கே ஒருவரை அனுப்புங்கள். பழைய பதிவின் மேல் புதிது ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் கழித்துப் போனால் கடைக்காரர் கையை விரிப்பார்.

அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், பில் இல்லையே, எதைக் காட்டிக் கேட்பது என்று பலர் யோசிக்கிறார்கள். வெளியில் எடுத்த ஸ்கான், பாமசியில் வாங்கிய மருந்து, யாழ்ப்பாணம் கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்த காசு, உங்களைப் பார்க்க வேலையை விட்டு நின்ற மனைவியின் நாட்சம்பளம் எல்லாம் செலவுதான். அதற்கு மேல் உங்கள் வேலைநாள் இழப்பு, இனி வரக்கூடிய இழப்பு, பட்ட வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கித் திகதி போட்டு எழுதுங்கள். ஓட்டோக்காரரிடம் கொப்பியிலேயே ஒப்பம் வாங்கலாம். பாமசி பில்லை அப்படியே வைத்தால் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாள் ஆகிவிடும். நான் ஒருமுறை வழுக்கி விழுந்து கை முறிந்தபோது சேர்த்த பில்லெல்லாம் அப்படித்தான் ஆனது, கடைப் பெயர்கூடத் தெரியவில்லை. அன்றே போட்டோக் கொப்பி எடுங்கள்.

சம்பளச் சிட்டை இல்லாத வேலை உங்களுடையது. உங்களை வேலைக்குக் கூப்பிடும் கொந்தராத்துக்காரரிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு, மாதம் எத்தனை நாள் என்று கடிதம் வாங்குங்கள். கடைசியாக வேலை செய்த வீட்டுக்காரர் சாட்சி சொல்வார் என்றால் அவர் பெயரையும் குறித்து வையுங்கள். விவசாயி என்றால் நெல் விற்ற துண்டு, கமநல சேவை நிலையப் பதிவு. முல்லைத்தீவுப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சங்கத்தின் கடிதம் நன்றாக உதவும்.

கேள்வி: எங்கள் அப்பாவை வவுனியா நகரத்தில் ஓட்டோ அடித்தது. ஓட்டோக்காரர் நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டார். பொலிஸில் கேட்டால் கேஸ் முடிந்தது என்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. நடந்து ஒன்றரை வருடமாகிறது.

பதில்: முடிந்தது அரசாங்கத்தின் வழக்கு, தங்கச்சி. அப்பாவின் வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை. தண்டப்பணம் அரசுக்குப் போகும் காசு. காயப்பட்டவருக்கும் நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. அன்றைக்கு அப்பாவின் பக்கத்தில் யாராவது நின்று கேட்டிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கலாம். வழக்குத் திகதியை யாருமே சொல்லாததால் போகாமல் விட்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். பொலிஸ் தாங்களாக அறிவிப்பார்கள் என்று காத்திருக்காமல், போய்க் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, போனது போகட்டும். இப்போது அவசரம் வேறு. இப்படியான நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை இரண்டு வருடம். விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள், பொலிஸ் கேஸ் முடிந்த நாளிலிருந்து அல்ல. பேசிக்கொண்டிருக்கிறோம், பெருநாள் கழியட்டும் என்று இழுத்தடிப்பவர்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். உங்களிடம் ஆறு மாதம் மிச்சம். அதற்குள் வழக்குத் தாக்கலாகி இருக்க வேண்டும், கடிதம் போனால் மட்டும் போதாது.

ஓட்டோக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டது உங்களுக்குப் பலம். அந்த வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ஓட்டோவின் காப்புறுதி விபரம் பொலிஸ் அறிக்கையில் இருக்கும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாக எடுத்து நடத்துவார்கள். காசு கொடுத்து ஒருவரைப் பிடிக்கிறீர்கள் என்றால், மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் எவ்வளவு என்று முதலே கேட்டு, பற்றுச்சீட்டும் வாங்குங்கள். மாட்டு வியாபாரத்தில் துண்டுக்குக் கீழே விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி இதைப் பேச முடியாது. வார்ட்டுக்கே வந்து ‘எனக்குத் தெரிந்த லோயர் இருக்கிறார், பாதிக்குப் பாதி’ என்று சொல்லும் ஆட்களிடம் அப்பாவின் டயக்னோசிஸ் கார்ட்டின் அசலைக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: தங்கை கார்மென்ட்ஸில் வேலை. விடிய வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளில் அடிபட்டாள். அடித்த மோட்டார் சைக்கிள் நிற்காமல் போய்விட்டது, இலக்கமும் தெரியாது. யாரிடம் கேட்பது?

பதில்: இரண்டு கதவு இருக்கிறது. முதலாவது வேலையிடம். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2022இல் செய்த திருத்தத்தோடு, வேலைக்குப் போய் வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் வருகிறது. இதை மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்குப் போங்கள். வேலை நேரப் பதிவும் வழமையாகப் போகும் பாதையும் முக்கியம். இரண்டாவது, அடித்துவிட்டு ஓடிய வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை கொடுக்கும் கொடுப்பனவு. பெரிய தொகை என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் பொலிஸ் முறைப்பாடு இருக்க வேண்டும், அன்றே போட்டதென்றால் நல்லது. ‘ஓடினவனை எங்கே பிடிக்கிறது’ என்று முறைப்பாடு போடாமல் விட்டிருந்தால் இன்றைக்காவது போய்ப் போடுங்கள், ஏன் பிந்தியது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட இரவு கட்டாக்காலி மாட்டில் மோதித் தோள் எலும்பு முறிந்தது. மாட்டுக்காரரிடம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், மாட்டை வீதியில் விட்ட கவனயீனத்துக்கு. சிக்கல் சட்டத்தில் இல்லை. பால் கறக்கும்போது மாட்டுக்கு ஐந்து சொந்தக்காரர் இருப்பார்கள், வீதியில் செத்துக் கிடந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் மாட்டை அப்புறப்படுத்தும் முன் தொடையிலுள்ள சுட்ட குறியையும், காதில் தோடு இருந்தால் அதன் இலக்கத்தையும் கிட்டப் பிடித்துப் போட்டோ எடுக்க வேண்டும். உங்களால் எழும்ப முடியாவிட்டால் உதவிக்கு ஓடி வந்தவரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் குறி யாருடையது என்று ஊரில் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஒருவர் கிடைப்பாரா என்பதுதான் கேள்வி, ஆகவே பெயர் சொன்னவரைப் பொலிஸ் முறைப்பாட்டிலேயே சாட்சியாகப் போட்டுவிடுங்கள்.