தொப்பியில் விழுந்த காசு

அன்புள்ள ஐயா,

என் மகள் மில்வாக்கியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு காகிதத்தைப் பார்த்தேன். கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியின் பங்குப் பத்திரமாம். 300 டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறாள். ஈவுத்தொகை கிடையாது, சந்தையில் விற்க முடியாது, விலையும் ஏறாது என்று அவளே சொல்கிறாள். முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்த எனக்கு இது புரியவே இல்லை. தேடிப் பார்த்ததில், அந்த அணியை 'இந்தியன் பேக்கிங் கம்பெனி' என்று ஒன்று ஆரம்பித்ததாகப் படித்தேன். நம் நாட்டவர் யாராவது அங்கே தொழில் நடத்தினார்களா? ஒரு கம்பெனி தன் விளம்பரத்துக்காகத் தொடங்கிய அணியை ஊர்ச் சொத்து என்று சொல்லி மக்களிடம் பணம் வாங்குவது சரிதானா? விளையாட்டு வரலாறு எழுதுபவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.ஆர்., ஈரோடு

அன்புள்ள எஸ்.ஆர்.,

முதலில் சின்னக் கேள்வியை முடித்துவிடுகிறேன். அந்த 'இந்தியன்' நாம் அல்ல. அமெரிக்கப் பழங்குடியினரை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். கம்பெனி செய்த தொழில் இறைச்சியைப் பதப்படுத்தி டின்னில் அடைத்து விற்பது. பேக்கர் என்றால் மூட்டை கட்டுபவர் என்று தோன்றும். இங்கே அது இறைச்சித் தொழிற்சாலைக்காரரைக் குறிக்கிற சொல்.

ஆனால் அணியை ஆரம்பித்தது அந்தக் கம்பெனி இல்லை. உங்கள் பெரிய கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1919 ஆகஸ்ட் 11. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே ஊரில் பிரஸ்-கெஸட் என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர் குழு அறையில் சில இளைஞர்கள் கூடினார்கள். கூட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜார்ஜ் விட்னி கால்ஹூன், அந்தப் பத்திரிகைக்காரர். இன்னொருவர் ஏர்ல் லாம்போ. சுருட்டை முடிக்காரர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கர்லி'. வயது 21. அதற்கு முந்தைய வருடம் நோட்டர் டேம் கல்லூரி அணியில் ஆடினார், தொண்டைச் சதை வீங்கி ஊர் திரும்பினார், அப்புறம் திரும்பிப் போகவில்லை. இந்தியன் பேக்கிங் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா வேலை, மாதம் 250 டாலர். அந்த வயதுக்கு அது நல்ல சம்பளம்.

ஆட ஆள் கிடைத்துவிட்டது, உடுப்புக்குப் பணமில்லை. லாம்போ தன் முதலாளி ஃபிராங்க் பெக்கிடம் கேட்டார். கம்பெனி 500 டாலர் கொடுத்தது, பயிற்சிக்குத் தன் இடத்தையும் கொடுத்தது. பதிலுக்கு அணிக்குக் கம்பெனியின் தொழில் பெயர் வந்தது. கம்பெனியின் பங்கு அவ்வளவுதான். இரண்டே வருடத்தில் அக்மி என்ற வேறொரு கம்பெனி அதை வாங்கிவிட்டது. 1921இல் அணி அக்மியின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடியது. சீக்கிரமே அக்மியும் விலகிக்கொண்டது. ஆக, இறைச்சிக் கம்பெனிகள் தந்த ஆதரவு மூன்று பருவங்களைத் தாண்டவில்லை. பெயர் மட்டும் நூறு வருடம் கடந்தும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் அணிக்கு யார் சோறு போட்டது? அந்த முதல் வருட மைதானத்தை மனக்கண்ணில் கொஞ்சம் பாருங்கள். ஹேஜ்மைஸ்டர் பூங்கா என்பது ஒரு திறந்தவெளி. வேலி இல்லை, வாசல் இல்லை, உட்கார இடமும் இல்லை. ஆட்டக்களத்தைச் சுற்றி ஒரு கயிறு, அவ்வளவுதான். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஜனங்களும் கயிற்றோரமாக நடந்துபோவார்கள். இடைவேளையில் வீரர்கள் களத்தின் ஓரத்தில் கூடிப் பேசும்போது பார்வையாளர்களும் போய்ச் சூழ்ந்துகொண்டு தங்கள் யோசனையையும் சொல்வார்கள். வேலி இல்லாத இடத்தில் டிக்கெட் எப்படி விற்பது? கால்ஹூன் தன் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தில் நீட்டுவார். விருப்பப்பட்டவர்கள் காசு போட்டார்கள்.

அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்களில் பத்தில் வெற்றி. 565 புள்ளிகள் எடுத்து, கொடுத்தது வெறும் 12. தோற்றது கடைசி ஆட்டத்தில் மட்டும், பெலாய்ட் ஊர் அணியிடம் 6-0. பருவம் முடிந்து செலவு போக மிஞ்சியதைப் பங்கு வைத்தபோது ஒவ்வொரு வீரர் கையிலும் வந்தது 16 டாலர் 75 சென்ட். லாம்போவின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், ஒரு பருவம் முழுக்க விழுந்து புரண்டதற்கு இரண்டு நாள் கூலி. ஆனாலும் அடுத்த வருடம் ஆட வந்தார்கள். ஊர் மைதானத்துக்கு வேலி போட்டு, உட்கார மரப்பலகை அடித்துக் கொடுத்தது. வேலி வந்த பிறகுதான் நுழைவுக் கட்டணம் வாங்க முடிந்தது.

1921இல் தொழில்முறை லீகில் சேர்ந்தார்கள். லீகே அப்போது கைக்குழந்தை. அதற்கு முந்தைய வருடம்தான் ஒஹையோவின் கேன்டன் ஊரில் ஒரு கார் ஷோரூமில் கூடி அதை உருவாக்கியிருந்தார்கள். போதுமான நாற்காலி இல்லாமல் கார்களின் படிப்பலகையில் சிலர் உட்கார்ந்திருந்தார்களாம். இன்று உலகத்தின் பணக்கார லீகுகளில் ஒன்றாக இருப்பது அங்கே பிறந்தது.

சேர்ந்த முதல் வருடமே பேக்கர்ஸ் ஒரு தப்பு செய்தார்கள். டிசம்பரில் ரசீன் அணியோடு நடந்த ஆட்டத்தில் நோட்டர் டேம் கல்லூரி மாணவர்களை வேறு பெயரில் இறக்கினார்கள். மற்ற அணிகளும் இதையே செய்துகொண்டிருந்தன என்று வாதாடுவார்கள். அது உண்மைதான் என்றாலும் தப்பு தப்புதான், மறைக்க வேண்டியதில்லை. 1922 ஜனவரியில் அணியின் உரிமம் பறிபோனது. லாம்போ மன்னிப்புக் கேட்டு, ஜூனில் 250 டாலர் கட்டி உரிமத்தைத் தன் பெயரில் மீட்டார். லீக் கூட்டத்துக்குப் போக வழிச்செலவுக்கு ஒரு நண்பர் தன் காரை விற்றுக் கொடுத்தார், பதிலுக்கு முதல் ஆட்டத்தில் ஒரு நிமிடம் தன்னை இறக்க வேண்டும் என்று கேட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. லீகின் பெயர் நேஷனல் ஃபுட்பால் லீக் (என்.எஃப்.எல்.) என்று மாறியதும் அந்த ஜூனில்தான்.

இப்போது மழைக்கு வருகிறேன். வங்கிக்காரரான உங்களுக்கு இந்த இடம் பிடிக்கும்.

1922 இலையுதிர்காலம் முழுக்க மழை. மழை பெய்தால் கூட்டம் வராது, ஆனால் வந்த அணிக்குப் பேசிய பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் லாம்போவும் கால்ஹூனும் மழைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். ஆட்ட நாளில் இத்தனை அளவு மழை பதிவானால் நஷ்ட ஈடு என்று ஒப்பந்தம். மழை பெய்தது. கூட்டம் வரவில்லை. அளந்து பார்த்தால் ஒப்பந்த அளவுக்கு ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு குறைவு. இன்ஷூரன்ஸ்காரர் பணம் தரவில்லை. ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி வித்தியாசம்! இன்றைக்கும் அந்த ஊர் இதைச் சொல்லி மாய்ந்துபோகும்.

அதே நவம்பர் கடைசியில் நன்றி நாள் விடுமுறையன்று டுலூத் அணியோடு ஆட்டம். அன்றும் மழை. காலையில் லாம்போவும் கால்ஹூனும் பத்திரிகை அலுவலகத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆடினால் கடன். ஆடாவிட்டால் லீகில் பெயர் கெடும், ஏற்கெனவே ஒருமுறை உரிமம் போன அணி. அப்போது ஆண்ட்ரூ டர்ன்புல் வந்தார். பிரஸ்-கெஸட்டின் வியாபார மேலாளர், கணக்குப் பார்க்கிற மனிதர். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஆட்டத்தை ஆடிவிடுங்கள், கடனை ஊரில் பேசி அடைக்க நான் பொறுப்பு. ஆடினார்கள். ஜெயித்தார்கள். கடனும் ஏறியது.

சொன்ன சொல்லை டர்ன்புல் காப்பாற்றினார். ஊர் வியாபாரிகளைக் கூட்டினார். லாம்போ, டர்ன்புல், வெபர் கெல்லி என்ற டாக்டர், ஜெரால்ட் கிளிஃபர்ட் என்ற வக்கீல், லீலண்ட் ஜோவானஸ் என்ற மொத்த மளிகை வியாபாரி, இந்த ஐந்து பேரும் சேர்ந்து வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எப்போது பார்த்தாலும் அணிக்குக் காசு கேட்டு வந்து நிற்பதால் 'பசித்த ஐவர்' என்றே பெயர் வந்தது. 1923 ஆகஸ்டில் கிரீன் பே ஃபுட்பால் கார்ப்பரேஷன் என்று லாப நோக்கில்லாத நிறுவனமாகப் பதிந்தார்கள். பங்கு ஒன்று 5 டாலர், 1000 பங்கு. பங்கு வாங்குகிறவர் ஒரு பருவத்தின் ஆட்டங்களுக்கான டிக்கெட், அதாவது பருவ டிக்கெட், குறைந்தது ஆறு வாங்கியாக வேண்டும். அதாவது பங்கு என்ற பெயரில் நன்கொடையும், அடுத்த பருவத்துக்கான கூட்டமும் ஒரே கையில் வந்துசேர்ந்தன.

உங்கள் மகள் சட்டம் போட்டிருக்கும் காகிதத்தின் பூர்வீகம் இதுதான். கால்ஹூனின் தொப்பிக்குப் பத்திரப்பதிவு செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈவுத்தொகை வராது என்பது இன்று யாரோ நுழைத்த நிபந்தனை இல்லை, பிறவியிலேயே இருப்பது. அந்த முதல் ஆவணத்தில் இன்னொரு விதியும் இருந்தது. அணியைக் கலைத்தால் மிஞ்சும் பணம் சல்லிவன்-வாலன் என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கிளைக்குப் போக வேண்டும், போர்வீரர் நினைவுச் சின்னம் கட்ட. பங்குதாரருக்கு ஒரு சென்ட் கிடையாது. நீங்கள் வங்கியில் எத்தனையோ பத்திரம் பார்த்திருப்பீர்கள், இந்த விதியின் வேலை என்ன என்று சட்டென்று புரியும். அணியை விற்று யாரும் பணக்காரர் ஆக முடியாது. ஆக முடியாது என்பதால் விற்க யாருக்கும் ஆசை வராது. ஆசை வராததால் அணி ஊரை விட்டுப் போகவில்லை. 1997இல் நினைவுச் சின்னத்துக்குப் பதிலாக அணியின் அறக்கட்டளைக்குப் போகும்படி மாற்றினார்கள், பங்குதாரருக்கு இல்லை என்பது மாறவில்லை.

அப்படி விதி எழுதாத ஊர்களுக்கு என்ன ஆனது? லீகின் ஆரம்ப வருடங்களில் சின்ன ஊர் அணிகள் நிறைய. இலினாய் மாநிலத்து டிகேட்டரில் ஸ்டேலி என்ற ஸ்டார்ச் கம்பெனி ஓர் அணி வைத்திருந்தது. 1921இல் செலவு தாங்காமல், 5000 டாலர் கொடுத்து, ஒரு வருடமாவது என் கம்பெனி பெயர் இருக்கட்டும் என்று சொல்லி அதைச் சிகாகோவுக்கு அனுப்பிவைத்தார் முதலாளி. அதுதான் இன்றைய சிகாகோ பேர்ஸ். லீக் பிறந்த கேன்டன் ஊரின் அணி 1922, 1923 இரண்டு வருடமும் சாம்பியன், அடுத்த வருடம் கிளீவ்லாந்துக்கு விற்றுவிட்டார்கள். போர்ட்ஸ்மத் அணி 1934இல் டெட்ராய்ட் போய் லயன்ஸ் ஆனது. டுலூத், ரசீன், ராக் ஐலண்ட், பாட்ஸ்வில் எல்லாம் காணாமலே போயின. 1920 கணக்குப்படி சுமார் 31,000 பேர் வாழ்ந்த கிரீன் பே மட்டும் தன் அணியோடு அதே இடத்தில் இருக்கிறது.

இதை லட்சியவாதம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த ஐந்து பேருக்கும் கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கைவிடக் கூடாது என்ற பிடிவாதம் இருந்தது, பெரிய முதலாளி யாரும் கிடைக்கவில்லை, அதனால் ஊரைக் கேட்டார்கள். என் வரையில் அதற்காகத்தான் அவர்கள் மேல் இவ்வளவு மரியாதை.

பலன் சீக்கிரமே வந்தது. 1929, 1930, 1931 என்று தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியன். 1929இல் ஒரு தோல்விகூட இல்லை, 12 வெற்றி, ஒரு சமன். பட்டத்தோடு ரயிலில் ஊர் திரும்பியபோது டிசம்பர்க் குளிரில் ஏறக்குறைய 20,000 பேர் வரவேற்க வந்தார்கள். மொத்த ஊரின் பாதி என்று சொல்லலாம்.

அப்புறம் மறுபடி கஷ்டம். 1931இல் ஆட்டம் பார்க்க வந்த ஒருவர் மரப்பலகை வரிசையிலிருந்து விழுந்து அடிபட்டு வழக்குப் போட்டார். 5000 டாலர் அளவுக்குத் தீர்ப்பானது. கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ் கம்பெனியோ திவால். அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம், 1933இல் அணி நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. மளிகை வியாபாரி ஜோவானஸ் தன் கைப்பணத்தைக் கடனாகப் போட்டார். 1935இல் ஊர் மறுபடியும் பங்கு வாங்கி 15,000 டாலர் திரட்டிக் கொடுத்தது. வேலையில்லாத ஆட்கள் தெருவில் நின்ற வருடங்களில் கொடுத்த பணம் அது.

மக்களிடம் பணம் வாங்குவது சரிதானா என்று கேட்டீர்கள். எதையும் மறைத்து வாங்கவில்லை. லாபம் இல்லை என்று முதல் நாளிலிருந்து சொல்லித்தான் வாங்குகிறார்கள். இன்று அணிக்குப் பணக் கஷ்டம் இல்லைதான், மைதானத்தை மேம்படுத்தத்தான் 2021-22இல் பங்கு விற்றார்கள். 1923இல் கொடுத்த 5 டாலரும் உங்கள் மகள் கொடுத்த 300 டாலரும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய ஐந்து டாலர் அணியின் உயிரைக் காப்பாற்றியது. ஆனாலும் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களில் அவரும் ஒருவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகலாம், நிர்வாகக் குழுவுக்கு ஓட்டுப் போடலாம். அந்த லீகின் 32 அணிகளில் வேறு எந்த அணியின் ரசிகருக்கும் அது கிடையாது.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. மைதானத்துக்கு லாம்போவின் பெயர் இருக்கிறது. தகுதியான மனிதர்தான், 30 வருடத்துக்கு மேல் ஆடியும் பயிற்சி கொடுத்தும் அணியைக் கட்டியவர். ஆனால் தொப்பி நீட்டிய கால்ஹூனையும், மழைநாளில் பொறுப்பேற்ற டர்ன்புல்லையும் இன்று எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? இருவருமே பத்திரிகைக்காரர்கள் என்பதால் எனக்கு இது கூடுதலாக உறுத்துகிறது.

உங்கள் மகள் அடுத்த முறை கிரீன் பே போனால் பெரிய மைதானத்தோடு திரும்பிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊருக்குள் ஈஸ்ட் ஹைஸ்கூல் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். ஹேஜ்மைஸ்டர் பூங்கா இருந்த இடம் அதுதான். கயிறு கட்டியிருந்ததும், தொப்பி சுற்றி வந்ததும் அங்கேதான். கால்ஹூன் பெயரையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

அன்புடன்.